படுத்துக் கிடந்த பணம்

"பணம் படுத்துக் கிடக்கணும்க்கா. எந்திரிச்சு நடமாடக் கூடாது."

ராமநாதபுரத்துல டிராவல்ஸ் கடை வச்சிருந்த தம்பி இப்படித்தான் சொல்லுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கடலாடிப் பக்கம் மானம் பாத்த பூமியில மொளகா போடுற சம்சாரி வீட்டுல பணம் எந்தக் காலத்துல படுத்துச்சு? மண்டியில மூட்டைய எறக்கிக் காசைக் கையில வாங்கி, பஸ் ஏறி ஊரு வந்து சேருறதுக்குள்ள உரக்கடைக்குக் கொஞ்சம், உழவுக்குக் கொஞ்சம், கல்யாண வீட்டுச் செய்முறைக்குக் கொஞ்சம்னு போயிரும். எங்க வீட்டுப் பணத்துக்குக் காலு உண்டு, முதுகு கிடையாது.

"சிரிக்காதீங்கக்கா. லண்டனுக்குச் சுற்றுலா விசா கேக்குறீக. சொந்தக் காசுல போயி, சொந்தக் காசுல திரும்பி வந்துருவீகன்னு அவங்க நம்பணும். ஆறு மாசக் கணக்கக் கேப்பாங்க. விசா கேக்குறதுக்கு மொத வாரம் யாருகிட்டயாச்சும் கைமாத்து வாங்கிப் போட்டீகன்னா பாத்த உடனே கண்டுபிடிச்சிருவாங்க."

"மாப்பிள்ளை எல்லாச் செலவும் நான் பாத்துக்கிறேன்னு எழுதித் தாராரே?"

"தரட்டும். உங்க பேர்லயும் இருக்கணும். ஊர்ல இவளுக்கு ஒரு இருப்பு இருக்கு, அதுக்காச்சும் திரும்பி வருவான்னு தெரியணும்ல?"

எனக்கு மூக்கு மேல கோவம் வந்துச்சு. நான் என்ன அங்கன குடியேறவா போறேன்? ஆனா அந்தத் தம்பி மேல கோவப்பட்டு என்ன செய்ய. அது மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து வழி சொல்ற ஆளு. எழுந்திரிச்சு வந்துட்டேன்.

எம் மக லண்டனுக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல இருந்தா. மாப்பிள்ளைக்கு அங்கன கம்ப்யூட்டர் வேலை. முந்தின வருசம் அவளுக்கு அஞ்சாம் மாசத்துல கரு கலைஞ்சு போச்சு. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்த நேரம். குளிக்கிற ரூம்புல தன்னந்தனியா, சுவத்துல சாஞ்சு உக்காந்து கிடந்திருக்கா. அதை எனக்குச் சொன்னதே ஒரு மாசம் கழிச்சுத்தான். கேட்ட உடனே நான் அழுகல, அவளத் திட்டினேன். "ஏண்டி அன்னைக்கே சொல்லல?" அவ மெதுவா, "சொல்லியிருந்தா நீ என்னம்மா பண்ணியிருப்ப?"ன்னு கேட்டா. ஒரு வருசமா அந்தக் கேள்வி என் காதுக்குள்ள வண்டு மாதிரி சுத்திக்கிட்டே இருந்துச்சு.

அந்த ஆவணியில மறுபடியும் உண்டாயிருக்கான்னு போன் வந்துச்சு. டாக்டரு பிளேன்ல ஏறவே கூடாதுன்னுட்டாரு. எங்க பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். பிள்ளை பெத்த உடம்புக்கு ஆத்தாக்காரிதான் சுடுதண்ணி ஊத்தணும். நொச்சி எலையும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்க வச்ச தண்ணி. சும்மா ஊத்துறது இல்ல. செம்புல மோந்து மோந்து இடுப்புல ஓங்கி அடிக்கணும். பெத்தவ "போதும்மா"ன்னு அலறணும். அப்பத்தான் விட்டுப்போன இடுப்பு கூடும், வயிறு உள்ள போகும், பின்னால காலத்துக்கும் வலி இருக்காது. எனக்கு எங்கம்மா ஊத்துனா. எங்கம்மாவுக்கு அவ அம்மா ஊத்துனா.

"அம்மா, நீ வந்து ஊத்துவியா?"ன்னு கேட்டா மக.

"வாரேண்டி. நான் வராம வேற எவ வருவா?"

வாயி சொல்லிருச்சு. அதுக்கப்புறம்தான் டிராவல்ஸ் தம்பிகிட்டப் போனது.

நல்ல வேளை, அந்த வருசம் வெலை இல்லாம பழைய மொளகா மூட்டைய வீட்டுலயே போட்டு வச்சிருந்தோம். ஆவணியில வெலை ஏறுச்சு. வித்தோம். கடலாடி பேங்குல என் பேரும் அவுக பேரும் சேந்த கணக்கு ஒண்ணு இருந்துச்சு. யாரு கையெழுத்துப் போட்டாலும் எடுக்கலாம். அதுல மொத்தத்தையும் போட்டோம். எவ்வளவுன்னு எழுத மாட்டேன், கண்ணு படும்.

அவுகன்னா எங்க வீட்டுக்காரவுக. பேரைச் சொல்ற பழக்கம் இல்ல, எழுதுறப்பவும் வரல. நல்ல மனுசன்தான். ஆனா கடன்னா பாம்பக் கண்ட மாதிரி. அதுக்கு ஒரு காரணம் உண்டு. அவுக அப்பா அந்தக் காலத்துல மண்டபம் கேம்புல தடுப்பூசி போட்டுக்கிட்டு, தனுஷ்கோடியில கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போனவரு. போகும்போது ஊருக்குள்ள கடன் வாங்கிட்டுப் போனாரு. போயி சம்பாதிச்சு அனுப்புறேன்னு சொன்னவரு காய்ச்சல்ல செத்த சேதிதான் வந்துச்சு. கருமாதி அன்னைக்கே கடன்காரவுக வந்து தொழுவுல நின்ன மாட்ட அவுத்துக்கிட்டுப் போனாகளாம். இவுக பத்து வயசுப் பய, மாட்டுக்குப் பின்னாலயே கண்மாய்க்கரை வரைக்கும் அழுதுக்கிட்டே ஓடினாகளாம். கடனோட கடல் தாண்டுன சீவன் திரும்பாது. இதுதான் அவுக கண்டது. இதை எத்தனை தடவை சொல்லிக் கேட்டிருப்பேன்னு கணக்கு இல்ல. கேட்டுக் கேட்டுக் காதுல வாங்காமலே போயிருச்சு, அதுதான் வெனையாப் போச்சு.

ஆவணியில போட்ட பணம் மாசி வரைக்கும் அசையக் கூடாது. மாசியில விசாவுக்குக் கேக்கணும், பங்குனியில ஏறணும், சித்திரைக் கடைசியில பிரசவம். சொல்றதுக்கு எவ்வளவு லேசா இருக்கு! புரட்டாசியில மழை எட்டிப் பாத்துச்சு. ஊரே காட்டுக்குள்ள எறங்கிருச்சு. உழவுக்குக் காசு, வெதைக்குக் காசு, உரத்துக்குக் காசு. எங்ககிட்டக் காசு இருந்துச்சு, ஆனா எடுக்கக் கூடாது.

"சொந்தக் காச பேங்குல படுக்கப் போட்டுட்டு வட்டிக்கு வாங்கி வெதைக்கிற கூத்த இந்த ஊரு இப்பத்தான் பாக்குது"ன்னு அவுக பங்காளி டீக்கடையில சொல்லிச் சிரிச்சாராம். சிரிக்கட்டும். ஊரு வாய மூட ஒல மூடி உண்டா? அப்படிச் சிரிச்ச பங்காளிகிட்டயே போயி இவுக ஒரு புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினாக. உரக்கடையில ஒண்ணு. மொளகா மண்டியில முன்பணமா ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் ஸ்டாம்பு மேல கையெழுத்துப் போட்டுட்டு வந்து, வேப்பங்கொழுந்து தின்ன மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சோறு வேணாம்னுருவாக.

"அறுவடை ஆன உடனே அடைச்சிரலாம்ல, எதுக்கு இப்படி உக்காந்திருக்கீக?"

"நீ போறது பங்குனியில. மொளகா எடுத்து வித்து முடியச் சித்திரை ஆயிரும். அதுக்குள்ள நீ கடல் தாண்டிருவியே."

"தாண்டுனா என்ன? நான் என்ன கொழும்புக்கா போறேன்? பிளேனு இருக்கு, போனு இருக்கு."

அவுக துண்ட விரிச்சுத் திண்ணையில படுத்துக்கிட்டாக. பேசாத மனுசனப் பாத்தா எனக்கு இன்னும் ஏறும். ரெண்டு கத்துக் கத்திட்டு நான் போயி அடுப்பப் பாத்தேன்.

எனக்கோ அந்த ஆறு மாசமும் இருப்புக் கொள்ளல. அடை காக்குற கோழி மாதிரி ஆயிட்டேன். சந்தைக்குப் போற சாக்குல கடலாடி பேங்குக்குப் போவேன். பாஸ்புக்க நீட்டுவேன். அந்த ஆபீசரு, "நேத்துத்தானம்மா போட்டுக் கொடுத்தேன், ஒண்ணும் மாறல"ம்பாரு. மாறாததப் பாக்கத்தான வந்தேன்! எவனாச்சும் வீட்டுப் பக்கம் தொண்டையச் செருமிக்கிட்டு வந்தா, உக்காரச் சொல்றதுக்கு முன்னாலயே, "பணம்னா இல்லப்பா, விசாவுக்கு வச்சிருக்கோம்"ன்னுருவேன். ஒரு நாளு கோயில் வரிக்கு வந்தவுகளயும் அப்படிச் சொல்லித் தொரத்திட்டேன். வந்தவுக திரும்பிப் பாத்துக்கிட்டே போனாக. பகல்ல காட்டு வேலை, ராவுல கண்ண மூடினா மக அந்த ரூம்புல சாஞ்சு கிடக்கிறது. படுத்தது பணம் மட்டும்தான், நான் படுக்கல.

மாசி பொறந்துச்சு. பேங்குல ஆறு மாசக் கணக்க அச்சடிச்சு, சீலு குத்தி, மேனேசர் கையெழுத்தோட கொடுத்தாக. பட்டா நகலு, மாப்பிள்ளை அனுப்புன காயிதம், டாக்டர் சர்ட்டிபிகேட்டு எல்லாம் சேந்துச்சு. டிராவல்ஸ் தம்பி எல்லாத்தையும் பாத்துட்டு, "சூப்பர்க்கா. பாஸ்புக்கையும் கையில வச்சுக்கங்க, கேட்டாலும் கேப்பாங்க"ன்னுச்சு. மெட்ராசுல நேர்ல வரச் சொல்லி நாளும் குறிச்சு வந்துருச்சு.

கெளம்புறதுக்கு மொத நாளு நான் பேறுகால மருந்துக்குச் சுக்கு, மிளகு, ஓமம் எல்லாம் வறுத்து இடிச்சுக்கிட்டு இருந்தேன். அவுக காலையிலேயே வெளிய போயிட்டு மத்தியானம் வந்தாக. மூஞ்சியில அப்படி ஒரு தெளிச்சி. ஆறு மாசத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் ரெண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாக. எனக்குப் பொறி தட்டல. விசாவுக்குப் போற சந்தோசம்னு நினைச்சுக்கிட்டேன். காயிதத்தையெல்லாம் அவுகளே ஒரு பைலுல அடுக்கி, மஞ்சப் பையில வச்சு, "எல்லாம் சரியா இருக்கு, போயி எடுத்துக் காட்டுனாப் போதும்"னாக.

மெட்ராசுல அந்த ஆபீசு வாசல்ல இவுகள உள்ள விடல. எதிர்த்தாப்புல ஒரு வாதாம் மரத்து நெழல்ல நின்னுக்கிட்டாக. நான் மட்டும் உள்ள போனேன். குளுகுளுன்னு இருந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு என்னக் கூப்பிட்டாக. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரம்மா, பக்கத்துல தமிழ்ல சொல்றதுக்கு ஒரு பொண்ணு. அந்த வெள்ளைக்காரம்மா சிரிச்ச மூஞ்சியாத்தான் இருந்துச்சு, குத்தம் சொல்லக் கூடாது.

"எதுக்குப் போறீங்க?"

"மகளுக்குப் பிரசவம். கூட இருக்கப் போறேன்."

"எவ்வளவு நாள்?"

"பிள்ளைக்கு மூணு மாசம் ஆனதும் வந்துருவேன். ஐப்பசிக்குள்ள காட்டு வேலை தொடங்கிரும்."

எல்லாம் நல்லாத்தான் போச்சு. கண்ணாடிக்குக் கீழ இருந்த சந்து வழியா பைலு உள்ள போச்சு. அந்தம்மா பேங்குக் காயிதத்தப் பெரட்டுச்சு, தலைய ஆட்டுச்சு. அப்புறம் பாஸ்புக்கப் பெரட்டுச்சு. கடைசிப் பக்கத்துல கை நின்னுருச்சு. மறுபடியும் காயிதத்தப் பாத்துச்சு, பாஸ்புக்கப் பாத்துச்சு. பைலுக்கு அடியில இருந்து மூணு காயிதத்த எடுத்துச்சு. குறுக்கால கிழிஞ்ச காயிதம். ஸ்டாம்பு ஒட்டினது.

அந்தப் பொண்ணு கேட்டா: "ரெண்டு நாள் முன்னாடி கணக்குல இருந்து கிட்டத்தட்ட எல்லாப் பணத்தையும் எடுத்துட்டீங்களே, ஏன்? இந்தக் கிழிஞ்ச பேப்பர் என்னது?"

பாத்த உடனே தெரிஞ்சு போச்சு. எங்க பக்கம் கடன அடைச்சா, வாங்கினவன் கண்ணு முன்னாலயே நோட்டக் கிழிச்சுக் கையில கொடுப்பாக. அதை வாங்கிட்டு வந்து பத்திரமா வைக்கிறது சம்சாரிக்குப் பெரும. பங்காளி நோட்டு, உரக்கடை நோட்டு, மண்டி நோட்டு. மூணும் கிழிஞ்சு கிடக்கு. பேங்குல சீலு குத்திக் கணக்கு வாங்கியாச்சு, பணம் படுத்த வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுருக்காக. அதை எழுப்பிக் கொண்டு போயி எல்லாத்தையும் அடைச்சுட்டு வந்துருக்காக. பாஸ்புக்குலயும் அதைப் பதிஞ்சு வாங்கியிருக்காக. இவ கடன் இல்லாத பொம்பளை, நம்பி அனுப்புங்கன்னு சொல்ற மாதிரி கிழிச்ச நோட்டையும் அடுக்கி வச்சிருக்காக! வெண்ணெ திரண்டு வாரப்போ தாழிய ஒடைச்ச கதைதான்.

நான் உள்ளதச் சொன்னேன். "கடன் வாங்கி வெதைச்சோம். கடல் தாண்டுறவ கடனோட போகக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரவுக அடைச்சுட்டாக."

அந்தப் பொண்ணு கொஞ்சம் முழிச்சா. அப்புறம் இங்கிலீசுல சொன்னா. வெள்ளைக்காரம்மா ஏதோ கேட்டுச்சு.

"அப்போ உங்களுக்கு ஊர்ல இப்ப பணம் ஒண்ணும் இல்ல. திரும்பி வருவீங்கன்னு எப்படி நம்புறது?"

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "ஏம்மா, கடன் வச்சவதான் ஊருக்குத் திரும்ப மாட்டா. கடன் இல்லாதவ எதுக்கு ஓடுறா? தலைய நிமிந்து வருவாளே! இதை அப்படியே சொல்லு அவுககிட்ட."

அவ எப்படிச் சொன்னாளோ, தெரியாது. அந்தம்மா மூஞ்சியில சிரிப்பு இல்ல, கோவமும் இல்ல. கிழிஞ்ச மூணு காயிதத்தையும் ஓரம் சேத்து அடுக்கி, பைலுக்குள்ள வச்சு, சந்து வழியாத் தள்ளுச்சு.

வெளிய வந்தேன். அவுக மரத்தடியில இருந்து ஓடி வந்தாக.

"நோட்டக் காட்டினியா?"

"காட்டினேன்."

"என்ன சொன்னாக?"

பதில் சொன்னா அந்த ரோட்டுலயே அவுகள அடிச்சிருப்பேன், சத்தியமா. எழும்பூர் வரைக்கும் பேசல, ரயில்லயும் பேசல. முடியாதுன்னு எழுதுன காயிதம் வந்த அன்னைக்குத்தான் பேசினேன். பேசினேன்னா, என்ன பேச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரவுகளக் கேட்டாச் சொல்லுவாக. உங்கப்பன் போன கப்பலோட நீங்களும் போயிருக்கலாம்னு சொல்லிட்டேன். அந்த வார்த்தைய அவுக தலையக் குனிஞ்சு வாங்கிக்கிட்டாக. அதுக்கப்புறம் நான் அவுககிட்ட வாயத் தொறக்கல. சோறு வைப்பேன், தண்ணி வைப்பேன். பேச்சு கிடையாது.

சேதி ஊருக்குள்ள பரவுச்சு. அடுத்த நாள் காலையில பங்காளி வந்தாரு, டீக்கடையில சிரிச்ச அதே பங்காளி. வாங்கின பணத்த அப்படியே துண்டுல முடிஞ்சு கொண்டாந்து, "மதினி, நோட்டெல்லாம் வேணாம். பேங்குல போடுங்க. பிள்ளையப் பாத்துட்டு வந்து கொடுங்க"ன்னாரு. சாயங்காலம் உரக்கடைக்காரரும் ஆள் விட்டுப் பணத்தத் திருப்பி அனுப்புனாரு. நான் முந்தானைய வாயில வச்சு அழுதேன். அழுதுட்டு, அந்தப் பணத்தத் தூக்கிக்கிட்டு ராமநாதபுரத்துக்கு ஓடினேன். டிராவல்ஸ் தம்பி பாவம், தலையில கைய வச்சுருச்சு.

"இப்பப் போட்டா, திடீர்னு போட்ட பணம்பாங்கக்கா. இனி மறுபடியும் ஆறு மாசம் படுக்கணும்."

ஆறு மாசம்! எம் மகளுக்கு ரெண்டே மாசம்தான் இருந்துச்சு. வயித்துல இருக்கிற பிள்ளைகிட்டப் போயி, தம்பி கொஞ்சம் பொறு, பணம் இன்னும் படுத்து எந்திரிக்கலன்னு சொல்ல முடியுமா?

மககிட்டப் போன்ல சொன்னேன். "பரவால்லம்மா"ன்னா. அவ ரெண்டு திட்டுத் திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். இந்தப் பரவால்லம்மாவ எங்க கொண்டு போயி வைக்க?

சித்திரைக் கடைசி. கத்திரி வெயிலு. வலி எடுத்துருச்சுன்னு மாப்பிள்ளை போன் பண்ணினாரு. எங்க வீட்டுக்குள்ள சிக்னல் கிடையாது. கண்மாய்க்கரை மேல ஏறினாத்தான் பேச்சு தெளிவாக் கேக்கும். செருப்புக்கூடப் போடாம ஓடினேன். அங்கன காலைப் பொழுது, இங்கன உச்சி வெயிலு. கரை மண்ணு கொதிக்குது. மாப்பிள்ளை போன அவ காதுகிட்ட வச்சாரு.

"அம்மா..."

"சொல்லுடி, என் ராசாத்தி."

"முடியலம்மா. எனக்குப் பயமா இருக்கும்மா. பக்கத்துல இரும்மா."

"இருக்கேண்டி. இந்தா, இருக்கேன்."

இருக்கேன்னு சொல்லிட்டுச் சுத்தி முத்திப் பாக்குறேன். தண்ணி வத்திப் பாளம் பாளமா வெடிச்ச கண்மாய். ஒத்தக் கருவ மரம். மேய்ச்சலுக்கு வந்த ரெண்டு ஆடு. நான் எங்க இருக்கேன், அவ எங்க கிடக்கா! ஆனாலும் வாயி நிக்கல. மூச்ச இழுத்து விடு, பல்லக் கடிக்காத, முக்கு, இப்ப விடு, இன்னொரு தடவைன்னு கத்துறேன். ரோட்டுல போன பஸ்ஸு நின்னு பாத்துட்டுப் போச்சு. திடீர்னு தலைக்கு மேல நெழலு விழுந்துச்சு. திரும்பிப் பாத்தா, அவுக. குடைய விரிச்சு எனக்குப் பிடிச்சுக்கிட்டு, தான் வெயில்ல நிக்கிறாக. இன்னொரு கையில பங்காளி மகன் போன். என் போன்ல சார்ஜு தீந்துட்டா மாத்திக்கிறதுக்காம். காலு சுடுதுன்னு நான் மாத்தி மாத்தி நிக்கிறதப் பாத்துட்டு, தன் செருப்பக் கழட்டி என் காலுக்கு முன்னால தள்ளி வச்சாக. போட்டுக்கிட்டேன்.

ஒரு அலறல். அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல. போன் செத்துருச்சோன்னு பாத்தேன், சாகல. அப்புறம் கேட்டுச்சு, பூனைக்குட்டி கத்துற மாதிரி ஒரு சத்தம்.

மாசிக்கு அப்புறம் அன்னைக்குத்தான் அவுககிட்ட வாயத் தொறந்தேன். "பொறந்திருச்சு"ன்னேன். அவுக குடைய அப்படியே கீழ விட்டுட்டு, கரை மேல உக்காந்து மூஞ்சியத் துண்டால மூடிக்கிட்டாக.

புது மொளகாயயும் வித்துப் போட்ட பிறகு, ஆவணியில பணம் மறுபடியும் படுத்துச்சு. இந்தத் தடவை மறு மாசி வரைக்கும். இடையில வெதைப்பு வந்துச்சு, இவுக மறுபடியும் மூணு நோட்டு எழுதினாக. விசா கேட்டப்போ யாரும் நேர்லகூடக் கூப்பிடல. பாஸ்போர்ட்டுல ஒட்டித் தபால்ல வந்துருச்சு. அவ்வளவுதானா! இதுக்கா இந்தப் பாடுன்னு தோணுச்சு. நான் கெளம்புற அன்னைக்கு மூணு நோட்டும் கிழியாம அப்படியே இருந்துச்சு. ஒண்ணைக்கூட அவுக அடைக்கல.

"கடனோட அனுப்புறீகளே"ன்னு கேட்டேன்.

"நீ போயிட்டு வா. நான் பாத்துக்கிறேன்"னாக. நான் அங்கன இருந்த வரைக்கும் வாராவாரம் சனிக்கெழம தேவிபட்டினத்துக்குப் போயி, கடல்ல முங்கி, தண்ணிக்குள்ள நிக்கிற நவக்கிரகக் கல்லு ஒம்பதையும் சுத்தி வந்தாகளாம். திரும்பி வந்த பின்னால பங்காளி பொண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மக வீட்டு வாசல்ல போயி எறங்கினப்போ பேரனுக்கு வயசு ஒண்ணை நெருங்கியிருந்துச்சு. நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு நின்னான். என்னப் பாத்ததும் வீல்னு கத்தி அவ காலக் கட்டிக்கிட்டான். நான் இடிச்சுக் கொண்டு போன மருந்து அடுப்பாங்கரையில டப்பாவுல இருந்துச்சு. அதுக்கு இனி என்ன வேலை? மக தெளிவாத்தான் இருந்தா. துணி மடிக்கிறா, பிள்ளைக்கு ஊட்டுறா, எனக்கு வீட்டச் சுத்திக் காட்டுறா. எல்லாத்தையும் தானே படிச்சுக்கிட்டா. எனக்கு அங்கன செய்ய ஒரு வேலையும் இல்ல. கைய வச்சுக்கிட்டுச் சும்மா உக்கார முடியாம, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கிட்டு இருந்தேன்.

ரெண்டாம் நாளு மத்தியானம் பிள்ளையத் தூங்கப் போட்டுட்டு வந்தா. என் பக்கத்துல நின்னா.

"அம்மா, இன்னும் குனிஞ்சு பிள்ளையத் தூக்கினா இடுப்பு விட்டுப் போற மாதிரி இருக்கும்மா."

நான் கழுவிக்கிட்டு இருந்த பாத்திரத்தக் கீழ வச்சேன்.

"இப்ப ஊத்தினாத் தப்பாம்மா?"

நொச்சி இல்ல, வேப்பிலை இல்ல. வெறும் தண்ணியத்தான் பெரிய சட்டியில கொதிக்க வச்சேன். குளிக்கிற ரூம்புக்குத் தூக்கிட்டுப் போனேன். அவ சேலை மாதிரி ஒரு துண்டச் சுத்திக்கிட்டுத் தரையில உக்காந்தா, சுவத்துல சாஞ்சு. அன்னைக்குத் தனியா உக்காந்து கிடந்தது இதே இடமான்னு அவ சொல்லல, நானும் கேக்கல. பச்சத்தண்ணி கலந்து கை பொறுக்குற சூட்டுக்கு வெளாவி, முதல் செம்ப மோந்து இடுப்புல ஓங்கி அடிச்சேன்.

"அம்மா!"ன்னு அலறினா. "போதும்மா"ன்னு சொல்லவே இல்ல. தண்ணி தீர்ற வரைக்கும் நான் அடிச்சேன், அவ அழுதா.